சத்தமில்லாமல் நகர்ந்த லாரி

லாரி கம்பெனியில் இன்ஜினியராக டீசல் வண்டிகளோடு இருபத்தாறு வருடம் குப்பை கொட்டிய பிறகு, கோவில்பட்டிப் பக்கம் ஹைபிரிட் லாரி ட்ரையலுக்கு என்னை அனுப்பினார்கள். டிரைவர் மாடசாமி அண்ணாச்சி, என்னைவிட மூத்தவர். முதல் நாள் காலையில் அரை மணி நேரம் அவருக்குப் பாடம் நடத்தினேன். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு மோட்டார் இருக்கிறது. நின்ற வண்டியை முதலில் நகர்த்துவது அதுதான். கொஞ்சம் வேகம் பிடித்ததும் டீசல் இன்ஜின் சேர்ந்துகொள்ளும். லோடோடு மேடு ஏறும்போது இரண்டும் சேர்ந்து தள்ளும். பிரேக் பிடித்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியைச் சார்ஜ் செய்யும். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் நல்ல வாத்தியார்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் புதூர் தாண்டி, ரோட்டோரம் நிறுத்தினோம். சுற்றிலும் கரிசல் காடு, ஒரு மரம் கிடையாது. கேபினிலேயே சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தோம். எழுந்ததும் அண்ணாச்சி சாவியைத் திருப்பினார். 'ரெடி' விளக்கு எரிந்தது. சத்தம் ஒன்றும் இல்லை.

"ஸ்டார்ட் ஆவலியே சார்."

"ஆயிட்டு அண்ணாச்சி, போங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் பார்க்கிங் பிரேக்கை எடுத்து ஆக்சிலேட்டரைத் தொட்டார். பத்து டன் லோடோடு வண்டி பூனை மாதிரி நகர்ந்தது.

"ஏ, நிறுத்துங்கய்யா, குட்டி கிடக்கு." வெளியே ஒரு பெண் குரல் கத்தியது.

அண்ணாச்சி பிரேக்கில் ஏறி நின்றார். இறங்கிப் பார்த்தால், நாங்கள் தூங்கிய நேரத்தில் ஒரு ஆட்டு மந்தையே லாரி நிழலுக்கு வந்து படுத்திருந்தது. பாதி ஆடுகள் வண்டிக்கு அடியில். பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் ஒரு குட்டி, எழுந்திருக்கக்கூட இல்லை.

மந்தைக்காரர் காளியம்மாள் என்ற அம்மா. குட்டியை இழுத்து எடுத்து, நாலு காலையும் தடவிப் பார்த்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"இம்புட்டுப் பெரிய வண்டி, சத்தம் போடாதாக்கும்?"

பழக்கதோஷத்தில் மோட்டார், பேட்டரி என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாக முழுவதையும் கேட்டார்.

"அதெல்லாம் சரி சார். இத ஆட்டுக்கு யாரு சொல்லுவா? லாரி உறுமுனா எந்திரிச்சு ஓடும். அதுக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்."

அண்ணாச்சி முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: "காலையில சாரு எனக்கு அரை மணி நேரம் சொன்னாவ. ஆட்டையும் கூப்பிட்டிருக்கலாம்."

அன்றைய ட்ரையல் ரிப்போர்ட்டில் டீசல் செலவு, பேட்டரி சார்ஜ், மோட்டார் சூடு எல்லாம் எழுதி, கடைசியில் ஆடு விஷயத்தையும் இங்கிலீஷில் சேர்த்தேன். 'கோட்ஸ்' என்பது எந்தப் பார்ட்டின் சுருக்கப் பெயர் என்று தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. போன் போட்டு, நாலு காலும் கொம்பும் உள்ளதுதான் என்று விளக்கினேன். சிரித்தார்கள். ஆனால் டிரைவர் பயிற்சித் தாளில் அதன் பிறகு முதல் வரியே மாறியது: வண்டியைச் சுற்றி வா, அடியில் குனிந்து பார், ஹாரன் அடி, பிறகு எடு. அது காளியம்மாள் சொல்லிக்கொடுத்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

இத்தனை வருடமும் அந்த எச்சரிக்கையை எங்களுக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தது டீசல் இன்ஜின்தான். அது வாய் மூடிய அன்றைக்குத்தான், எச்சரிப்பது எங்கள் வேலை என்று எனக்குப் புரிந்தது.