"கதை" என்று பெயர் வைத்த பட்டியல்

தர்மபுரம் சந்தியில், ஒரு தையல்கடைக்குள், நாங்கள் மூன்று பேர் கூடித் தமிழுலகின் போக்கையே மாற்றக்கூடிய ஒரு முடிவை எடுத்தோம். எங்கள் பொட்காஸ்ட் பட்டியலுக்கு "கதை" என்று பெயர் வைப்பது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மெசின் எண்ணெயின் மணமும், ஸ்திரிக்கைப் பெட்டிக்கடியில் ஈரத்துணி சுடுகிற மணமும் இன்றைக்கும் அந்தக் கூட்டத்தை நினைவூட்டும்.

அப்போது நான் பக்கத்தில், போனுக்குக் காசு போடுகிற ரீலோட் கடையில் வேலை. கடையில் வைஃபை இருந்தது, மற்றவர்களிடம் டேட்டா இல்லை. காலையில் புதிய எபிசோடுகளை இறக்குவேன். சமையல், வழக்கு, பேய் என்று ஃபோல்டர் பிரிப்பேன். பிறகு ஒவ்வொருவருக்கும் புளூடூத்தில் அனுப்புவேன்.

தையல்கடை செல்வராணி அக்கா போனை வெறும் சில்வர் சட்டிக்குள் வைத்துக் கேட்பா. சட்டி சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். ஓட்டோ ஓடுகிற கஜன் பேய் ஃபோல்டரை வெயில் நேரத்தில் மட்டும்தான் திறப்பான்...

எங்களுக்குப் பிடித்தது வவுனியாவில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் நடத்திய பொட்காஸ்ட். யாரையாவது பிடித்து இருத்திக் கதைப்பா. மாடு வாங்கியது, வேலிச் சண்டை, கலியாணம் குழம்பியது. "இண்டைக்குக் கதை வந்ததோ?" என்றுதான் அக்கா கேட்பா. எங்கள் ஊரில் கதை என்றால் பேச்சு. அதை விளக்க வேண்டி வரும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

அக்காவின் தாய் தகப்பன் மலையகத்துத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். யுத்த நேரம் அவவின் தம்பி முத்துக்குமார், சித்தப்பாவோடு மன்னாரில் படகேறி இந்தியாவுக்குப் போனவர். போய்ச் சேர்ந்ததாக ஒரு தகவல் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

ரீச்சர் ஒருநாள் தையல்கடைக்கே வந்து அக்காவைப் பதிவு செய்தா. வாழ்நாள் முழுக்க எங்களைப் போலக் கதைத்த மனுசி, மைக்கைக் கண்டதும் தாயின் மலையகத் தமிழுக்குப் போய்விட்டா.

"முத்து, அக்கா பேசுறேன்டா. தர்மபுரத்துலதான் இருக்கேன். துணி தைக்கிறேன். நீ இருக்கியா?"

கஜன் வெளியே போய் ஓட்டோவைத் துடைத்தான். அது ஏற்கெனவே துடைத்த ஓட்டோ.

புளூடூத் கடல் தாண்டாது. தமிழ்நாட்டில் ஆட்கள் கேட்க வேண்டுமென்றால் பெரிய பொட்காஸ்ட் அப் ஒன்றில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பட்டியல் போட வேண்டும். ரீச்சரின் எபிசோடுகளை எல்லாம் அடுக்கி, அக்காவுடையதை முதலில் வைத்தேன். பெயர் மட்டும் மிச்சம். "பேச்சு" என்றேன்.

"பேச்சு எண்டால் அரசியல்வாதி எண்டு நினைச்சு ஒருத்தரும் வராயினம். கதை எண்டு வையுங்கோ," என்றான் கஜன்.

அக்காவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. அப் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டது: மொழி. தமிழ் என்று கொடுத்தேன். எந்தத் தமிழ் என்று கேட்கவில்லை. இவ்வளவு புத்தியுள்ள இயந்திரம், என் தூக்கம், என் நடை, நான் வாங்கப்போகும் செருப்பு எல்லாம் தெரிந்த இயந்திரம், அதைக் கேட்கவில்லை.

கேட்கிறவர்கள் தொகை கிடுகிடுவென ஏறியது. அக்கா பக்கத்துக் கடைகளுக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்கிக் கொடுத்தா. பிறகு கருத்துகளை வாசிக்கத் தொடங்கினோம்.

"குரல் செம இயல்பா இருக்கு. யார் நடிச்சது?"

"என் பாப்பா கேட்டுக்கிட்டே தூங்கிட்டா. நன்றி."

"அடுத்த பாகம் எப்போ? தம்பி கிடைச்சானா?"

பெயரைப் பார்த்ததும் அப் எங்கள் பட்டியலைத் தூக்கி "குட்டிகளின் தூக்கக் கதைகள்" என்ற பகுதியில் வைத்திருக்கிறது. மேலே தூங்குகிற முயல் ஒன்று. முயலுக்குக் கீழே செல்வராணி அக்கா, தம்பியைத் தேடுகிறா.

கஜன் சிரிக்கப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அடுத்த வாரம் "மழைத்துளி" என்ற பெயரில், பூப்படம் போட்ட ஒருவர் எழுதியிருந்தார்:

"அட, எங்க அப்பா பேரும் முத்துக்குமார்தான். அவரும் சின்ன வயசுல தர்மபுரத்துல இருந்து போட்ல வந்தவரு. யாருங்க கதை எழுதினது? கலக்கிட்டாங்க."

அக்கா அதை வாய்விட்டு இரண்டு தரம் வாசித்தா. ஊசி துணிக்குள் நிற்க, எழும்பி என் கடைக்கு வந்தா.

"இது கதையில்லை எண்டு எழுது பிள்ளை. கெதியா எழுது."

எழுதினேன். அக்காவின் பெயர், தகப்பன் பெயர், கடை நம்பர், எல்லாம். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அன்று காலையிலிருந்து சிறுவர் பகுதியில் கருத்துகள் மூடப்பட்டுள்ளன, பிள்ளைகளின் பாதுகாப்புக்காக, என்று வந்தது. நாங்கள் நிற்கும்போதே பழைய கருத்துகளும் மறைந்தன. மழைத்துளிக்குத் தனியாக எழுத வழியில்லை. அதுவும் பாதுகாப்பு.

பட்டியலின் பெயரை மாற்றினேன். பகுதி மாறவில்லை. நிறுவனத்துக்கு எழுதினேன், தமிழிலும் ஆங்கிலத்திலும். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது: "உங்கள் கதை எங்களுக்கு முக்கியம்." பிறகு எழுதியதற்கெல்லாம் அதே பதில். அந்த வசனத்தை எழுதியவர் கையில் கிடைத்தால் அந்தச் சில்வர் சட்டியால் என்ன செய்வேன் என்று இங்கே எழுத முடியாது. இதைப் போடுகிற முகநூலும் பாதுகாப்புப் பார்க்கும்.

புளூடூத் காலத்தில் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடிக்க வேண்டும். அது போய்ச் சேரும் வரைக்கும் முன்னால் நிற்கிற ஆளோடு கதைக்க வேண்டும். கேட்டவர் அடுத்த நாள் வந்து, "அந்த மனுசிக்குப் பிறகு என்ன நடந்ததாம்?" என்று கேட்பார். அவ உண்மையான மனுசி என்று அவருக்குத் தெரியும்... எங்கள் சத்தம் தர்மபுரம் சந்தியைத் தாண்டாது. தாண்டாத சத்தத்தை யாரும் முயலுக்குக் கீழே வைப்பதுமில்லை.

இப்போது நான் கிளிநொச்சி டவுனில் வேலை. கஜன் ஓட்டோவை விற்றுவிட்டான். கருத்துப் பகுதி என்றைக்காவது திறக்கும் என்று அக்கா ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்கிறா. சிறுவர் பகுதிக்குள் போகச் சிறுவர் கணக்கு வேண்டும் என்று இப்போது விதி வந்திருக்கிறது. நான்தான் திறந்து கொடுத்தேன்.

அந்த அப்பில் செல்வராணி அக்காவுக்கு எட்டு வயது.