பர்னபாஸ் அணைத்த சூரியன்

கடற்கரையில் பிறந்தவனுக்குக் கடல் குமட்டுகிறது என்றால் ஊர் சும்மா விடுமா? பர்னபாஸ் வள்ளத்தில் போன மூன்று தடவையும் வாந்தி எடுத்தே கரை சேர்ந்தான். அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. பிறகு ஆம்பிளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் வாங்கி, தூத்துக்குடியில் கல்யாண வீடுகளுக்கும் கோவில் திருவிழாக்களுக்கும் மைக் செட் போட ஆரம்பித்தான். தொழில் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் 'வாந்தி சவுண்ட் சர்வீஸ்' என்று கேட்டால்தான் ஊரில் வழி சொல்லுவார்கள். கேலி அவனுக்குப் பழகிப்போயிற்று. கான்வென்டில் படித்த மகள் மரியசெல்விக்குப் பழகவில்லை. எத்தனையோ நாள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

எழுபத்து நாலாம் வருஷம் அந்தக் கான்வென்டின் ஆண்டு விழாவில் ஒரு பாட்டு நாடகம். மைக்கும் லைட்டும் பர்னபாஸுக்கே வந்தன. முத்துக்குளிக்கப் போன அண்ணனைக் காணாமல் கரையில் நின்று பாடும் தங்கையாக நடிப்பது மரியசெல்வி. அந்தப் பாட்டின்போது பொழுது மெல்ல மெல்லச் சாய வேண்டும் என்றார் தலைமை ஆசிரியை சிஸ்டர் பிளாரன்ஸ்.

"மதுர நாடகக் கம்பெனியில நா பாத்திருக்கேன் சிஸ்டர், கவலய விடுங்க" என்றான். வீட்டில் மகளிடமும், "பாரேம்ளா, ஒங்க கிளாசுப் பிள்ளைவ பூரா வாயப் பொளந்துட்டு நிக்கும்" என்று பீற்றிக்கொண்டான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே எல்லாம் சரியாக அமைய வேண்டும் என்றிருந்தது அவனுக்கு.

மண்பானைத் தண்ணீரில் சிட்டிகை உப்பு, அதில் மின்சாரம் பாய இரண்டு இரும்புத் தகடு. ஒன்றைக் கயிறு கட்டித் தூக்கத் தூக்க, சூரியனாக மேடையில் மாட்டிய விளக்கு மங்கும். மதியம் சோதித்தபோது அழகாக மங்கியது. "ஆரம்பத்துல வெளிச்சம் பத்தலையே" என்றார் சிஸ்டர். உப்பு கூடினால் வெளிச்சம் கூடும் என்று பர்னபாஸுக்குத் தெரியும். எவ்வளவு என்பதுதான் தெரியாது. உப்பளத்து ஊர்க்காரன் சிட்டிகைக் கணக்கா பார்ப்பான்? இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டு, மறுபடி சோதிக்காமல் விட்டான்.

சாயங்காலம் மகள் பாட ஆரம்பித்தாள். பக்கத் திரைக்குப் பின்னால் நின்று அவன் கயிற்றை இழுத்தான். உப்பு மிஞ்சிப்போனதால் தகடு மேலே ஏறியும் சூரியன் மங்கவில்லை. பானை தளதளவென்று கொதித்தது. பதற்றத்தில் வெடுக்கென்று இழுத்தான். தகடு இடித்துப் பானை பிளந்து, உப்புத் தண்ணீர் கீழே கிடந்த சுவிட்சுப் பலகைமேல் கொட்டியது. டப்பென்று ஃபியூஸ் போயிற்று. விளக்கு, மைக், எல்லாமே செத்தன.

"ஏலே, வாந்தி மறுபடியும் எடுத்துட்டாம்லே!" என்று இருட்டில் எவனோ கத்த, மண்டபமே சிரித்தது.

சிஸ்டர் தடவித் தடவி மேடைக்கு வந்தார். "என்ன ஆச்சு பர்னபாஸ்?"

"கரண்டு போயிட்டு சிஸ்டர்." சொல்லி வாயை மூடவில்லை, ஜன்னல் வழியாக எதிர்வீட்டு டியூப் லைட் பளீரென்று தெரிந்தது. சிஸ்டரும் பார்த்தார். பர்னபாஸ் கூனிக் குறுகிப்போனான்.

அப்போது மேடை நடுவிலிருந்து மரியசெல்வி சொன்னாள்: "நம்ம லைன் மட்டும் போயிருக்கும் சிஸ்டர். எங்க வீட்டுலயும் இப்படித்தான் போவும்."

பானை உடைந்ததை அவள் நேராகப் பார்த்திருந்தாள். வீட்டில் அப்படி ஒருநாளும் போனதில்லை. பொய் சொன்னால் தோலை உரித்துவிடுவேன் என்று சொல்லிச் சொல்லி அவளை வளர்த்தவன் அவன்தான்.

"அப்படியா? சரி, சீக்கிரம் பாரும்" என்றார் சிஸ்டர்.

ஃபியூஸ் கம்பி அவன் கையிலேயே இருந்தது. மாட்டினால் வெளிச்சம் வந்துவிடும், மகள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பர்னபாஸ் இருட்டிலேயே நின்றுகொண்டிருந்தான்.