நாலு சக்கரமும் சுத்தின வண்டி

எழுபதுகளின் தொடக்கத்தில் அடையாறில் மனை விற்றார்கள். வாங்கியது மனையா குளமா என்பது மழை வந்தால்தான் தெரியும். அப்படியொரு இடத்தில் வரிசையாக வீடு கட்டிய காண்டிராக்டரிடம் நான் சூப்பர்வைசர் என்ற பெயரில் நிழலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரே வருடத்தில் எனக்கு அது நான்காவது வேலை. மூன்றாவது போனபோதே அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இதுவும் போனால் அம்மாவும் நிறுத்திவிடுவாள். அப்புறம் சாப்பிடக் கூப்பிட ஆள் ஏது?

ஐப்பசி மழையில் செங்கல் லாரிகள் தார் ரோட்டோடு நின்றுவிட்டன. அதற்கு அப்பால் கால் மைல் சேறு. வாடகைக்கு எடுத்த டிராக்டரும் அச்சு வரை புதைந்தது. சைதாப்பேட்டையிலிருந்து வரும் எங்கள் டிரைவர், "பின்னாடி ரெண்டு சக்கரம் மட்டும் இழுத்தா இங்க வேலைக்கு ஆவாது. நாலும் இழுக்குற வண்டி வோணும்" என்றார்.

அதைப் பற்றி ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன் என்று நான் வாயை விட்டேன். பார்த்தது உண்மை. படத்தை மட்டும்.

முதலாளி திருநெல்வேலிக்காரர். "அப்பம் நீயே பாத்து முடிச்சுட்டு வால. வண்டி சேத்துல நின்னுச்சுன்னா உனக்கு இங்க சோலி இல்ல, பாத்துக்க."

கூட வருகிறேன் என்ற டிரைவரை வேண்டாம் என்றேன். பேண்ட் போட்டவனுக்குக் காக்கிச் சட்டை சொல்லிக்கொடுப்பதா?

சிந்தாதிரிப்பேட்டையில் பழைய வண்டிகள் விற்கும் ஒரு கொட்டகையில் சிவப்பு டிராக்டர் ஒன்று நின்றது.

"நாலும் இழுக்குமா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட! நாலும் இழுக்கும்" என்றார் தரகர்.

"சும்மா சொன்னா ஆச்சா? ஓட்டிக் காட்டுங்கோ."

சந்தில் ஓட்டினார். நான் பேண்டைச் சுருட்டிக்கொண்டு, குனிந்தபடி, முன்சக்கரத்தின் பக்கத்திலேயே ஓடினேன். வழியில் மிதித்த சாணிகூட என் கவனத்தைக் கலைக்கவில்லை. சக்கரம் சுற்றியது. அந்தப் பக்கம் போய் ஓடினேன். அதுவும் சுற்றியது. பின்னால் இரண்டும் சுற்றுவது ஊருக்கே தெரிந்தது. ஆக, நாலு. முடித்துவிட்டேன். என்னைப் போல ஒரு ஆளைத் தன் தொழிலில் பார்த்ததே இல்லை என்று தரகர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனுஷர் அன்று சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மறுநாள் தார் ரோடு முடிந்து சேறு தொடங்கும் இடத்தில் பூஜை. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். முன்சக்கரங்களும் உழைக்கப் போகின்றனவே என்று அவற்றுக்குப் பெரிய பழமாகப் பொறுக்கி வைத்தேன். கற்பூரம் காட்டும்போது டிரைவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், பேசாமல் ஏறி உட்கார்ந்தார். பழங்கள் நசுங்கின. வண்டி சேற்றில் பத்தடி போய் நின்றது. பின்சக்கரங்கள் என் வெள்ளைச் சட்டையில் சேற்றை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் இரண்டும் சபாவில் ஓசி டிக்கெட்டில் வந்தவர்கள் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தன.

"நாலும் சுத்தித்தே! நான் பாத்தேனே!"

"மாட்டு வண்டிலகூடத்தான் சக்கரம் சுத்துது. அதுக்குன்னு மாட்ட அவுத்து உட்டுடுவியா நைனா? எஞ்சின்லேந்து முன்னச்சுக்கு ஒரு தண்டு வரணும். குனிஞ்சு பாத்தா தெரியும். இதுல ஒண்ணியும் காணோம்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"கற்பூரம் எரிஞ்சிகினு கீது. அப்ப போயி அபசகுனமா பேசச் சொல்றியா?"

சித்தாள் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "நாளைலேர்ந்து நீ வராண்டாம்" என்றார் என்னிடம். டிரைவரிடம் திரும்பி, "நீரு போயி இத மாத்திட்டு வாரும்" என்றார்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "சாரையும் இட்டுகினு போறேன் மொதலாளி."

"இவன் எதுக்கு வே?"

"அவரு எத நல்லா கீதுன்றாரோ அத உட்டுட்டு வேற எடுத்துக்கலாம். நமக்கும் அலைச்சல் மிச்சம்."

"செரி, இவனையும் கூட்டிட்டுப் போயிட்டு வாரும்" என்றார் முதலாளி. என் வேலை தங்கிவிட்டது. அந்தத் தகுதியில் அங்கே ஆறு வருடம் இருந்தேன். மரம் வாங்க, மணல் பார்க்க, எதற்கும் என்னை முன்னால் விட்டுக் கேட்பார்கள். முதலாளி தன் பெண்ணுக்கு வரன் பார்க்கப் போனபோதும் காரில் எனக்கு ஓர் இடம் இருந்தது.