தட்டின் எண்ணைக் கேட்ட பெட்டி

பட்டயப் படிப்பு முடித்த கையோடு ஓசூர் தொழிற்பேட்டையில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றின் கணினிப் பிரிவில் சேர்ந்தேன். பேரிகைப் பக்கம் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அம்மாவும் அப்பாவும் இன்றைக்கும் கைநாட்டு. மாடி அறையில் எனக்கென்று ஒரு நாற்காலியும் கணினியும் தந்தபோது வந்த பெருமையை நான் யாரிடமும் மறைக்கவில்லை.

எனக்குக் கிடைத்த முதல் வேலை, கீழே இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் பழைய டெர்மினலுக்குப் பதிலாக பிரவுசரில் ஓடும் பக்கங்களைச் செய்வது. கியர்களை இரும்புத் தட்டுகளில் அடுக்கி அனுப்புவார்கள். ஒரு தட்டு தேறவில்லை என்றால் அதன் எண்ணை அடித்து ‘ரிஜெக்ட்’ கொடுக்க வேண்டும். உடனே ஸ்கிராப் யார்டில் சீட்டு அச்சாகும். ஆட்கள் வந்து தட்டைத் தள்ளிக்கொண்டு போய் வெட்டிவிடுவார்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் ரிஜெக்ட் கொடுத்ததும் ‘இந்தத் தட்டை நிச்சயமாகக் கழிக்கிறீர்களா?’ என்று ஆங்கிலத்தில் கேட்கும் பெட்டி ஒன்றை வைத்தேன். பெட்டி பிரவுசரே கொடுப்பது, வாக்கியம் மட்டும் என்னுடையது. இலக்கணம் சரியா என்று மூன்று முறை பார்த்துக்கொண்டேன்.

அந்த வாக்கியத்தை ஒருவரும் படிக்கவில்லை.

டெர்மினலில் உட்கார்ந்திருந்தவர் நாற்பது வயது அக்கா ஒருவர். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். ஏழு வருடம் வாஷிங்கில் மண்ணெண்ணெயில் கியர் கழுவியவர். விரலிடுக்குகளில் தோல் உரிந்து புண்ணான பிறகுதான் இந்த நாற்காலி கிடைத்தது. பழைய டெர்மினலில் எதை அடித்தாலும் என்டரை இரண்டு தரம் தட்ட வேண்டும். ஒன்று முடிக்க, இன்னொன்று சேமிக்க. ஐந்து வருடமாக ‘டக் டக்’ என்று பழகிய விரல் அவருடையது. என் பக்கத்திலும் அப்படியே தட்டினார். முதல் டக்கில் பெட்டி திறந்தது, இரண்டாவது டக்கில் சம்மதம் சொல்லி மூடிக்கொண்டது. அப்படித் தவறான எண்ணில் ஒரு நல்ல தட்டு வெட்டுக்குப் போய்விட்டது.

சூப்பர்வைசர் மாடிக்கே வந்தார். “இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா அந்தம்மாவ வாஷிங்குக்கே அனுப்பிருவேன். கம்ப்யூட்டரெல்லாம் அவங்களுக்குச் சரிப்படாதும்மா” என்றார்.

பிரவுசரின் பெட்டியை விட்டுவிட்டு நானே ஒன்று செய்ய உட்கார்ந்தேன். அதற்கென்று ஒரு சின்ன விண்டோ. அந்தக் கணினியில் தமிழ் எழுத்து வராது என்பதால் ‘கழி’, ‘வேண்டாம்’ என்று படமாகவே வரைந்து பொத்தானாக வைத்தேன். என்டர் தட்டினால் ‘வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

இரண்டே நாளில் பல் உடைந்த கியர்கள் இருந்த தட்டு அசெம்பிளி வரைக்கும் போய்விட்டது. அக்காவின் இரண்டாவது டக் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தது. அவரோ கழித்துவிட்டதாகவே நினைத்து அடுத்த தட்டுக்குப் போயிருந்தார். சூப்பர்வைசர் ஒரு வாரம் கெடு கொடுத்தார்.

“நா ஒழுங்காத்தான கண்ணு தட்டுனேன்?” என்று அக்கா கேட்டார். அவர் ஒழுங்காகத்தான் தட்டியிருந்தார். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அரை ஷிப்ட் பார்த்ததும் ஒன்று கண்ணில் பட்டது. கெட்ட தட்டில் சிவப்பு டேப் ஒட்டுவதற்கு முன்னால் அக்கா அதன் எண் பொறித்த தகட்டில் இருக்கும் கடைசி மூன்று எண்ணைச் சத்தமாகச் சொல்வார். எதிரில் கேஜ் வைத்து அளவு பார்க்கும் பெண் தன் தாளைப் பார்த்துத் திருப்பிச் சொல்வாள். இரண்டும் ஒத்தால்தான் டேப்.

“இது யாரு சொல்லிக் குடுத்தது?”

“யாரு சொல்லணும்? டேப்ப ஒட்டிட்டா பிச்சு எடுக்கறது யாரு, உங்கொப்பனா?”

எதிரில் இருந்த பெண் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மூன்றாவது பெட்டியை அன்றே எழுத ஆரம்பித்தேன். அதில் என்டர் தட்டினால் ஒன்றும் நடக்காது. தட்டின் எண்ணையும் அது காட்டாது. தகட்டைப் பார்த்துக் கடைசி மூன்று எண்ணை அடிக்கச் சொல்லும். மேலே அடித்த எண்ணோடு அது ஒத்தால்தான் ‘கழி’ பொத்தான் எழும்பும்.

“நா குடுத்த நம்பர என்னையே கேக்குதே, இதுக்கு மறதியா?” என்றார் அக்கா.

“எதிர்ல கேஜ் வெச்சிருக்கற பொண்ணு மாதிரின்னு நெனச்சுக்கோங்கக்கா.”

“அவளாச்சும் டீ வாங்கித் தருவா.”

கெடுவின் கடைசி நாள் சூப்பர்வைசர் அக்காவின் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். ஒன்பது தட்டு சரியாகப் போனது. பத்தாவது தட்டுக்கு அக்கா எண்ணை அடித்து டக் டக் என்று தட்டினார். பெட்டி அசையாமல் நின்றது. திரும்பித் தகட்டைப் பார்த்து நான்கு, ஒன்று, இரண்டு என்று அடித்தார். பொத்தான் எழும்பவில்லை. மறுபடி அடித்தார். எழும்பவில்லை.

“உன் பொட்டி கெட்டுப்போச்சு கண்ணு.” அவர் குரல் இறங்கியிருந்தது.

“நாந்தான் அப்பவே சொன்னனே” என்றார் சூப்பர்வைசர்.

நான் குனிந்து பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தேன். மேலே அக்கா அடித்திருந்த எண் நானூற்று இருபத்தொன்றில் முடிந்தது. அந்த எண்ணுள்ள தட்டு இரண்டடி தள்ளி, பச்சை டேப் ஒட்டி, நல்ல தட்டுகளோடு இருந்தது. நான் விரலால் காட்டினேன். சூப்பர்வைசர் நடந்துபோய் அதன் தகட்டைப் படித்தார். திரும்பி வந்து திரையைப் படித்தார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

அக்கா எண்ணைத் திருத்தி அடித்தார். பெட்டி கேட்டது, மூன்று எண்ணை அடித்தார், பொத்தான் எழும்பியது. ‘கழி’ மேல் அம்பைக் கொண்டுபோய், இரண்டு தரம் இல்லாமல் ஒரே தரம் அழுத்தினார்.

மாதக் கடைசியில் அடுத்த மாதத்து ஷிப்ட் பட்டியலை ஒட்டினார்கள். அக்கா என்னைக் கூப்பிடாமல் தானே போய், வாஷிங் வரிசையில் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு இன்ஸ்பெக்‌ஷன் வரிசையில் ஒரு பெயரின் மேல் விரலை நிறுத்தினார். உதட்டை அசைத்து அதை இன்னொரு தரம் படித்துவிட்டு, நாற்காலிக்குத் திரும்பினார்.