அதிகாரி கட்டத்தில் விழுந்த கையெழுத்து

பதினோரு மணிக்கு வேட்புமனுப் பரிசீலனை தொடங்கியது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் தேர்தல் அதிகாரி. இந்தப் பக்கம் மடக்கு நாற்காலிகளில் வார்டு வேட்பாளர்கள். முப்பத்துமூன்று வருஷம் அந்தப் பக்கமே உட்கார்ந்து பழகிய ஒருவர், இன்று இந்தப் பக்கம் காலை எங்கே நீட்டுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

எழுத்தராகச் சேர்ந்து நகராட்சி ஆணையராக ஓய்வு பெற்றவர். தெருவுக்கு இன்னும் கமிஷனர்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள தாழ்வான தெருக்களில் மழை வந்தால் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அதற்கு ஒரு வடிகால் திட்டத்தை மூன்று முறை எழுதி மன்றத்தில் வைத்தார். மூன்று முறையும் உறுப்பினர்கள் கை தூக்கி ஒத்திப்போட்டார்கள்.

ஓய்வு பெற்ற மறுவாரமே மனைவியிடம் சொன்னார்: "இனி எழுதி வெச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்க முடியாது. கை தூக்குற இடத்துல நானே போய் உக்காரப் போறேன்."

"வாசல் வாசலா நின்னு ஓட்டுக் கேக்கணுமே. உங்களுக்குக் கும்பிடவே வராதே!" என்றார் மனைவி. நகராட்சி பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர்.

வந்தது. இரண்டே வாரத்தில் வந்தது. கமிஷனர் ஜெயித்துவிடுவார் என்று எதிர் வேட்பாளரே சலூனில் புலம்பியதாகக் கேள்வி.

அதிகாரி மனுவைப் புரட்டிக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் நின்றார். "சார்... வேட்பாளர் கையொப்பம் காலியா இருக்கு."

"இருக்காதும்மா. என் கையால போட்டேன்."

அதிகாரி தாளைத் திருப்பிக் காட்டினார். கையெழுத்து இருந்தது. 'மனுவைப் பெற்றுக்கொண்ட அதிகாரி' என்ற கட்டத்துக்குள், பச்சை மையில், கீழே தேதியும் மணியும் குறித்து, கச்சிதமாக இருந்தது. எத்தனையோ தேர்தல்களில் அடுத்தவர் மனுக்களில் போய் நின்ற இடத்திலேயே கை தானாகப் போய் நின்றிருக்கிறது. மனுவை வாங்கிய எழுத்தரோ அந்தக் கையெழுத்தைப் பார்த்தே வேலை பழகியவர். அதிகாரி கட்டம் நிரம்பியிருக்கிறதே என்று முத்திரை குத்தி உள்ளே வைத்துவிட்டார். மனு கொடுக்கும் கெடு நேற்றே முடிந்துவிட்டது.

"தன் மனுவைத் தானே வாங்கிக்கிட்டாரா?" பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கமிஷனர் மேசைப் பக்கம் குனிந்தார். "ரெண்டு அங்குலம்தான் தள்ளிப் போட்டிருக்கேன். என் கையெழுத்துன்னு உனக்கே தெரியுமே. கொஞ்சம் பாத்துச் செய்யக் கூடாதாம்மா?"

சொன்ன பிறகுதான் அந்தக் குரல் தன்னுடையது என்று உறைத்தது. அப்படிக் கேட்டு வந்த எத்தனை பேரை, தலை நிமிராமலே திருப்பி அனுப்பியிருக்கிறார்!

அதிகாரி அவருக்குக் கீழே எட்டு வருஷம் வேலை பார்த்தவர். பேனா ஒரு கணம் தயங்கியது. "விதியில இடமில்லைங்க சார்." எழுதினார்: தள்ளுபடி.

"அடுத்தது, மாற்று வேட்பாளர்."

ஒருவர் மனு விழுந்துபோனால் கைகொடுக்கட்டும் என்று வீட்டு ஆள் ஒருவர் பேரிலும் மனுப் போட்டு வைப்பது வழக்கம். கமிஷனர் மனைவி பேரில் போட்டிருந்தார். அதில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஏற்கப்பட்டது.

வராந்தாவில் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர், உடன் வந்திருந்த மனைவியை மடக்கினார். "வாபஸ் வாங்கிடுவீங்களா அம்மா?"

"எதுக்கு? நிக்கிறேன்."

கமிஷனருக்கு மூச்சு திரும்பி வந்தது. "அப்போ வடிகால் திட்டம் பிழைச்சுது! அந்த நகலை நான் எடுத்துத் தரேன்..."

"தாங்க, படிக்கிறேன். ஆனா அது ரெண்டாவதுதான். முதல்ல பிரசவ ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட்."

"ரெண்டாவதா?"

"மாசமா இருக்கிற பொண்ணுங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மூணு மாடி ஏறுதுங்க. உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?"

"நீ மனுவா எழுதித் தரலையே..."

"ஏன், சாப்பாடு போடும்போது சொன்னா காதுல ஏறாதா?"

அந்த அம்மாள் பதிலுக்கு நிற்காமல் நிருபர் பக்கம் திரும்பி, லிஃப்ட் விஷயத்தை எழுதிக்கொண்டாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.