பாவாயிக்குப் பல் வலித்தால் பணம் யார் கட்டுவது?

ஹாஸ்டல் வார்டனிடம் யாராவது நல்ல செய்தி கொண்டு வந்து பார்த்திருக்கிறீர்களா? போன வாரமும் அப்படித்தான். சாம்பாரில் உப்பில்லை, ரசத்தில் உப்பு மட்டும்தான் இருக்கிறது என்று பையன்கள் தட்டோடு என் அறைக்கே வந்துவிட்டார்கள்.

சமையலறைக்குப் போனேன். சமையல்காரம்மா பாவாயி, எருமப்பட்டிக்காரர், துண்டால் தாடையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண் வரை ஏறியிருந்தது. உப்புப் பார்க்க வாயைத் திறக்க முடியவில்லையாம். லீவு கேட்டால் கூலி போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

எங்கள் கல்லூரி வளாகத்திலேயே பல் கிளினிக் இருக்கிறது. வாரம் ஒரு நாள் சேலத்திலிருந்து டாக்டரம்மா வருவார். நல்லவேளை, அன்று அவர் வரும் நாள். பாவாயியைக் கையோடு கூட்டிப் போனேன்.

வாசலிலேயே அட்டெண்டர் நிறுத்தினார். மாணவர்களுக்கு ஃபீஸோடு பணம் பிடிக்கிறோம், ஸ்டாஃபுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறோம், இந்த அம்மா காண்ட்ராக்டர் ஆள் – எதிலும் சேர்த்தியில்லை என்றார். நான் கொடுக்கிறேன் என்றேன். ரொக்கம் வாங்க உத்தரவில்லையாம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை...

நாமக்கல்லுக்குப் பஸ் ஏற்றிவிடலாமா? அதுவரை தாங்குவாரா? வராந்தாவில் இப்படியும் அப்படியும் நடந்தேன். பாவாயியோ கிளம்பத் தயாராகிவிட்டார். "ராத்திரிக்கு ஒல வெக்கோணுங்க சார். நான் போறனுங்க."

பேச்சுச் சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தவர் முகம் மாறியது. உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். பிரின்சிபாலிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லி உள்ளே அழைத்துப் போனார். சீழை எடுத்து, பல்லையும் பிடுங்கினார்.

கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் 'திருப்திதானா' என்று கேட்கச் சொல்லி நிர்வாகம் சமீபத்தில்தான் உத்தரவு போட்டிருந்தது. பையன்கள் கேள்வி முடியும் முன்பே "திருப்தி" என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள். பாவாயியிடமும் டாக்டரம்மா கேட்டார். பஞ்சைக் கடித்தபடி மெதுவாகப் பதில் வந்தது.

"வலி நின்னுருச்சுங்க. இன்னொரு பல்லு நோவுனா உள்ளார உடுவாங்களான்னுதானுங்க தெரியல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அட்டெண்டரைப் பார்த்தேன்.

மறுநாள் ஹாஸ்டல் கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொல்லி, சமையல் ஆட்களையும் கிளினிக்கில் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பிரின்சிபால் கேட்டதும் நியாயம்தான் – யார் பணத்தில் பார்ப்பது? மாணவர் தலைவன் லோகநாதன் எழுந்தான். பரமத்தி வேலூரில் வெற்றிலை விவசாயம் செய்கிற குடும்பத்துப் பையன்.

"எங்க காசுலயே பாருங்க சார். கட்டுனவங்கள்ல பாதிப் பேரு அந்தப் பக்கமே போறதில்லைங்க."

எங்கப்பா கட்டிய பணத்தில் எதற்கு என்று இன்னொரு பையன் கேட்டான். வாக்குவாதம் நீண்டது. எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் காண்ட்ராக்டர் பாதி, மாணவர் நிதி பாதி என்று முடிவானது – இந்த வருஷத்துக்கு மட்டும். அடுத்த வருஷம்? "பார்க்கலாம்" என்றார் பிரின்சிபால்.

அந்தப் 'பார்க்கலாம்' இன்னும் என்னை நிம்மதியாக உட்கார விடவில்லை.

திருப்தியா என்று உள்ளே வந்தவரிடம் கேட்பது சுலபம்... வாசலில் நிறுத்தப்பட்டவரிடம் கேட்டுப் பாருங்கள்.