கோமளா கிழிக்காத பக்கம்

என் மனைவியின் வயிற்றில் புற்றுநோய் வளர்ந்துகொண்டிருந்த நான்கு மாதமும் நான் அவளுக்கு ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. உப்பிப்போன அவள் வயிற்றை வைத்து ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அது வெளிவந்தது. நான்கு பேர் பாராட்டவும் செய்தார்கள்.

வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம். அரைத் தோசையிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்கிற பெண்ணை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்கிற புத்தி அவற்றில் எதிலிருந்தும் எனக்கு வரவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது வயிறு உப்பி, பசி குறைந்து, சில வாரமாகியும் சரியாகவில்லை என்றால் ஓமத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்கேனுக்குப் போங்கள். இந்தக் கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

நகரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு. தோப்பு என் பெயரில், விவசாயம் கோமளா பெயரில். மோட்டார் போடுவதிலிருந்து பங்காருபாளையத்து மண்டிக்குக் காய் ஏற்றுவது வரை அவள்தான். மிச்சப் பொழுதில் வம்சம் எழுதுவாள். மண்டிக்காரர் ஒரு வருஷம் கொடுத்த தடித்த டைரியில், எட்டுத் தலைமுறை. கல்யாணமோ கருமாதியோ, எங்கே போனாலும் பேனாவோடுதான் போவாள். யார் யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டினார், எப்படிச் செத்தார் என்று மூன்று கேள்வி. சாப்பாட்டுப் பந்தியில்கூட விடமாட்டாள்.

எங்கள் பக்கம் மாமன் மகள், அத்தை மகள் என்று உறவுக்குள்ளேயே கட்டிக்கொள்வார்கள். நானே கோமளாவுக்கு மாமன் மகன்தான். அவள் அம்மாவும் என் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். ஆகவே யாருக்கு யார் முறை என்று சந்தேகம் வந்தால் போன் அவளுக்குத்தான் வரும். "கோமளாக்கா, இந்தப் பொண்ணு எங்க சின்னவனுக்கு முறை ஆவுதா, தங்கச்சி ஆவுதா?" டைரியைப் புரட்டி இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்வாள். அப்பீல் கிடையாது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. எட்டுத் தலைமுறையாக இறங்கி வரும் கோடு எங்கள் இரண்டு பேரிடம் வந்து நின்றுவிடும். அதைப் பற்றி நான் ஜோக் அடித்ததில்லை. எனக்கும் ஓர் எல்லை உண்டு.

ஓமம் தோற்றபின் திருப்பதிக்குப் போனோம். எலும்பு முறிவாக இருந்தால் பக்கத்தில் புத்தூரிலேயே கட்டுப் போட்டிருப்பார்கள். ஸ்கேனில் சினைப்பைப் புற்று (கருமுட்டை உருவாகும் பையில் வரும் கட்டி) என்று தெரிந்தது. வயிற்றில் நீரும் கோத்திருந்தது. டாக்டரம்மா தெலுங்கும் தமிழும் கலந்து கேட்டார். "உங்க அம்மா பக்கம் யாருக்காவது இருந்ததா? அப்பா பக்கம்?"

"ரெண்டு பக்கமும் ஒரே பக்கம்தான் மேடம்" என்ற கோமளா, கட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

குறுக்கும் நெடுக்கும் வளைந்து திரும்பவும் வந்து சேரும் கோடுகளை டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். "இதி செட்டு காதம்மா, பூல தண்ட" என்றார். மரமில்லையாம், பூமாலையாம். பிறகு பெயர்களுக்குக் கீழே இருந்த சின்ன எழுத்துகளைக் கோமளாவை வாசிக்கச் சொன்னார்.

அம்மா: வயிற்றுக் கட்டி. பெரியம்மா: காமாலை என்றார்கள், வயிறு பெருத்திருந்தது. அம்மாவின் அத்தை: உண்டாகியிருக்கிறாள் என்று ஏழு மாதம் காத்திருந்தார்கள், பிள்ளை இல்லை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இருபது வருஷமாக நான் கிண்டல் செய்த டைரி அது.

மரபணுப் பரிசோதனையில் (குடும்பத்தில் வழிவழியாக இறங்கும் கோளாறை ரத்தத்தில் தேடுவது) அந்தக் கோளாறு அவளுக்கு இருப்பது உறுதியானது. "சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க. முன்னாடியே தெரிஞ்சா காப்பாத்தலாம். இது ஆம்பளைங்க வழியாவும் இறங்கும்" என்ற டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "மீரு கூடா, நீங்களும்தான்" என்றார். என் தங்கைக்கு மூன்று பெண்கள். சரி என்று தலையாட்டினேன். அப்போது மாங்காய் இறக்கும் பருவம், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை நரம்பு வழியே ஏற்றுவது), அறுவை, மறுபடி மூன்று கீமோ என்று முடிவாயிற்று. திருச்சானூரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். முடி கொட்டியது. திருப்பதியில் மொட்டைத்தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஷேர் ஆட்டோவில் ஒரு பெரியவர் அன்பாகக் கேட்டார்: "தரிசனம் நல்லா ஆச்சாம்மா?"

"மூணு ஆச்சு. இன்னும் மூணு கீது" என்றாள் கோமளா.

அந்த லாட்ஜில்தான் சிவப்புப் பேனா வாங்கினாள். சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு பெயரையும் சுற்றி ஒரு வட்டம். வாந்தி நிற்கும் நேரமாகப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். மூன்றாம் நாள் அவள் அண்ணன் முனிரத்தினம் சாத்துக்குடிப் பையோடு வந்து நின்றார். அவர் மகள் திவ்யாவுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம்.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சுடு கோமளா. ஊரே பாக்கற டைரி. வியாதிக்கார வூடுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான்?"

"வியாதி டைரில இல்லண்ணா, ரத்தத்துல கீது. அத எங்கேர்ந்து கிழிக்கறது?"

"நிச்சயம் முடியற வரைக்குமாவது வாய மூடிகினு இரு."

"அம்மா விஷயத்துல மூடிகினுதான இருந்தோம்? இன்னா ஆச்சு?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு இன்னா, புள்ளயா குட்டியா? ஊரான் பொண்ணுங்க வாழ்க்கையில வெளயாடற!"

நான் சமாதானப் பிரியன். "ஒரு மாசம்தானே கோமளா..." என்று இழுத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"எனக்குப் புள்ள இல்லதான். இது என்னோட போயிடும். உன்னோட போவாது அண்ணா. சாத்துக்குடிய வெச்சுட்டுக் கெளம்பு."

எங்களை அழைக்காத நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் போனோம். அறுவைத் தழும்புக்கு மேல் பட்டுப்புடவை, தலையில் துணிகூட இல்லாமல், இடுப்பில் டைரி. நான் பின்னால் தலையணையோடு. அவளால் வெறும் நாற்காலியில் உட்கார முடியாது. முனிரத்தினம் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றவர், தெளிக்க மறந்துபோனார்.

பெண்கள் அறையில் திவ்யாவே வந்து அருகில் உட்கார்ந்தாள். "அத்தை, என் பேர் எங்க கீது?" கோமளா காட்டினாள். அந்தப் பெண் தன் பெயரிலிருந்து விரலை மேலே நகர்த்தினாள். அப்பா. அதற்கு மேல் பாட்டி, சிவப்பு வட்டம். கொஞ்ச நேரம் விரல் அங்கேயே நின்றது.

"எங்க போய் டெஸ்ட் குடுக்கணும்?" என்று சத்தமாகவே கேட்டாள். மாப்பிள்ளையின் அம்மா இரண்டடி தூரத்தில் இருந்தார். அவர் எழுந்து வந்து, டைரியை வாங்கி, கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். கதவோரம் நின்ற முனிரத்தினம் மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை.

"எங்க வூட்ல நாலு பேருக்கு சுகர், ரெண்டு பேருக்கு ஹார்ட்டு" என்றார் அந்த அம்மாள். "எங்க மாமியாருக்குப் புத்தி பேதலிச்சிருந்தது, தாலி கட்டி ஆறு மாசம் கழிச்சுத்தான் எனக்கே தெரியும். நீயாவது முன்னாடி சொல்ற. எங்க வூட்டுதையும் எழுதிக்கோ. சிவப்பு பேனா கீதா?"

கல்யாணம் நடந்தது. திவ்யாவுக்கும் அந்தக் கோளாறு இருக்கிறது. நோய் இல்லை, வருவதற்கு முன்பே பிடித்துவிட டாக்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அவள் கணவன்தான் கூட்டிப்போகிறான். முனிரத்தினம் எங்களோடு இன்னும் பேசுவதில்லை. மாதா மாதம் சாத்துக்குடி மட்டும் வருகிறது.

கோமளாவுக்கு இப்போது வருஷம் என்பது மூன்று மாதம்: ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரை. அதற்குள் பூ, பிஞ்சு, காய் எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்பதுபோல் தோப்பில் நடக்கிறாள். குனிய முடியவில்லை, குச்சியால் காட்டுகிறாள், நான் குனிகிறேன். எனக்கும் உடம்பு மாறித்தான் போயிற்று. குளிக்கும்போது என் கையைப் பார்த்தால் அது எனக்கு முன் யார் யாரிடமோ இருந்துவிட்டு வந்த கை மாதிரி இருக்கிறது.

இதுவரை எழுதியதைக் கோமளாவிடம் வாசித்துக் காட்டினேன். வேர்க்கடலை உரித்தபடி கடைசிவரை கேட்டாள். ஒரு தோலை ஊதித் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"நல்லாத்தான் எழுதிகினு கீற மாமா. நீ எப்போ டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் போற?"